விறகுக்கு ஊற்றிய பதினோரு வாளி

பதினோராவது வாளியைத் தூக்கியபோது மாடில்டாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. விறகுக்குத் தாகம் எடுக்குமா என்ன?

எடுக்கும் போலத்தான் இருந்தது. ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. நான்கு வாரமாக வெயிலில் காய்ந்த ரப்பர் கட்டைகள் அல்லவா! மேலே ஊற்றினால் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டன. மிச்சத் தண்ணீர், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தின் வாய்க்காலில் ஓடியது.

குழாய் ஒன்றுதான். வீடுகள் நாற்பது. ஒவ்வொரு வாளிக்கும் வரிசையில் நிற்கவேண்டும். பின்னால் நின்ற கங்கா அக்கா மாடில்டாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன புள்ள, வீட்டுல யானை கட்டி வச்சிருக்கீங்களா? இத்தனை தண்ணி!"

"இல்லக்கா... கொஞ்சம் வேலை இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு மாடில்டா நடையைக் கட்டினாள். இரண்டு கைகளும் மரத்துப் போயிருந்தன. வாளியின் கம்பி உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

"போதும்மா" என்றார் அப்பா சூசைமுத்து. ஈரக் கட்டைகள்மேல் கோணிச் சாக்குகளைப் போர்த்தினார். "விடியிறதுக்குள்ள நல்லா ஊறிடும்."

அதைச் சொல்லும்போது அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அது வெள்ளைக்கார அரசாங்கம் அறிவித்த அவசரகாலத்தின் நான்காவது ஆண்டு. காட்டுக்குள் ஆயுதங்களோடு மறைந்திருந்தவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை. காட்டில் இருப்பவர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக்கூடாது என்று, தோட்டத்து லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு கேட் திறக்கும். மாலை ஆறு மணிக்கு மூடும். வெளியே போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போக முடியாது.

அதனால் எல்லோருமே களைத்துப் போயிருந்தார்கள். மற்றவர்களைவிட அதிகமாகக் களைத்திருந்தவள் மாடில்டாவின் அம்மா நவமணி. காலையில் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போவாள். மரம் மரமாக வெட்டி, பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மதியம் இரண்டு மணி ஆகிவிடும். வந்ததும் சாப்பிடுவாள். பிறகு தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் பாயில் சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்குவாள்.

அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"மதியத்துல புல்லு வெட்ட ஆளு பத்தல. நவமணி வருதான்னு கேட்டுச் சொல்லு" என்று வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவின் சம்பளம் அரிசிக்கும் பருப்புக்குமே சரியாகப் போய்விடும். மாட்டுவண்டி ஓட்டும் அப்பாவின் சம்பளம் அதைவிடக் குறைவு. விறகு விற்று வாரம் ஐந்து வெள்ளி வந்தால் அம்மா புல் வெட்டப் போகவேண்டாம். வராவிட்டால் போகவேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

விறகுக்குப் பஞ்சம் இல்லை. கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுத் தோட்டத்தில் புதுக் கன்றுகள் நட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த மரங்களை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம். அப்பா கோடரியால் பிளப்பார். மாடில்டா கூரை இறவாரத்துக்கு அடியில் அடுக்குவாள். சனிக்கிழமை தோட்டத்து வண்டியில் ஏற்றி, புக்கிட் ரோத்தானில் உள்ள நாகூர் மீரான் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோவார்கள்.

கடையில் விறகை எடைபோட்டு வாங்குவார்கள். ஒரு பிக்குள் ஒரு வெள்ளி. பிக்குள் என்பது வளர்ந்த ஆள் ஒருவரின் கனம் இருக்கும்.

போன சனிக்கிழமை அப்பா நன்றாகக் காய்ந்த கட்டைகளைக் கொண்டுபோனார். நான்கு பிக்குள்தான் நின்றது. நான்கு வெள்ளிதான் கிடைத்தது. அதே நேரத்தில் வேறொரு தோட்டத்துக்காரர் அன்று காலையில் வெட்டிய பச்சை மரத்தை இறக்கினார். அதே அளவு வண்டி. ஆறு பிக்குள். ஆறு வெள்ளி!

"நாலு வாரம் வெயில்ல காய வச்சு நம்ம காசைத்தான் காத்துல விட்டிருக்கோம் லா" என்று அப்பா வழி முழுக்கப் புலம்பினார். வீட்டுக்கு வந்ததும் முடிவு செய்துவிட்டார். காய்ந்த கட்டைக்குத் தண்ணீர் காட்டவேண்டும். "எல்லாரும் செய்யிறதுதானே!"

இப்படித்தான் மாடில்டா பதினோரு வாளி தூக்கினாள்.

*

மறுநாள் காலை கேட்டில் வண்டி நின்றது. காவலுக்கு நின்றவர் சோமு. கலும்பாங் என்ற ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ராத்திரி முழுக்கக் கண் விழித்ததால் அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். விறகுக்குள் யாராவது அரிசி மூட்டையை ஒளித்திருக்கிறார்களா என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பது அவருடைய வேலை.

குத்தினார். கம்பியை வெளியே இழுத்தார். கம்பி முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சோமு வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை. தரையைப் பார்த்தார். புழுதி.

"சூசை அண்ணே, மழையே பெய்யலையே. விறகு எப்படி நனைஞ்சுது?"

"பனி லா" என்றார் அப்பா.

"பனியா? அது எப்படி உங்க வீட்டுல மட்டும் பெய்யிது?"

அப்பா காளையின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். மாடில்டா தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தும் இருந்தன.

சோமுவுக்குச் சந்தேகம் தீரவில்லை. பாதி விறகை இறக்கச் சொன்னார். இறக்கினார்கள். உள்ளே அரிசி இல்லை, சீனி இல்லை, மீன் டின் இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

"சரி, ஏத்துங்க. தண்ணிக்கு இன்னும் தடை போடல" என்றார் சோமு.

ஈரக் கட்டைகளை மறுபடியும் ஏற்றி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் முதுகு விட்டுப்போனது. வண்டியின் நான்கு மூலைகளிலும் நான்கு கம்புகள் நின்றன. கம்புகளில் ஓர் இடத்தில் அப்பா சிவப்புச் சாயத்தால் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்கு மேல் விறகு போகக்கூடாது. போனால் காளை கறுப்பன் நடக்காமல் நின்றுவிடுவான். இன்றைக்கோ கோடுவரை அடுக்கியதற்கே அவன் ஒரு மாதிரித் திரும்பிப் பார்த்தான்.

புக்கிட் ரோத்தானுக்கு மூன்று மைல். கறுப்பன் ஏழு முறை நின்றான்.

*

கடைக்குப் பின்னால் தாச்சிங் தொங்கியது. அது நீளமான கோல் தராசு. ஒரு கம்பில் தாச்சிங்கைத் தொங்கவிட்டு, அப்பாவும் கடையில் தேநீர் கலக்குபவரும் கம்பின் இரண்டு முனைகளையும் தோளில் தாங்கினார்கள். நாகூர் மீரான் கொக்கியில் விறகுக் கட்டுகளை மாட்டி மாட்டி எடை பார்த்தார்.

"அஞ்சு பிக்குள்" என்றார். "பரவாயில்லையே சூசை, இந்த வாரம் எடை நல்லாவே வந்திருக்கு."

ஐந்து வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். அப்பா வாங்கி மடியில் செருகிக்கொண்டார். மாடில்டாவுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா தூங்கலாம்!

கடையில் பழைய விறகு தீர்ந்துவிட்டது. அதனால் வந்த விறகையே நேராக அடுப்புக்கு எடுத்துப் போனார்கள். மாடில்டாவும் ஒரு கை கட்டைகளைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள்.

அடுப்படியில் நஜீபா உட்கார்ந்திருந்தாள். நாகூர் மீரானின் மகள். மாடில்டாவின் வயதுதான். அவள் அம்மா கப்பலேறி ஊருக்குப் போயிருந்ததால் அடுப்பு இப்போது அவள் பொறுப்பு. பெரிய தேக்சாவில் சோற்றுக்கு உலை வைத்திருந்தாள்.

"மாடில்டா! வந்துட்டியா?" என்று முகமெல்லாம் மலர்ந்தாள். "உங்க கட்டைக்குத்தான் காத்திருந்தேன். போன வாரம் எப்படி எரிஞ்சுது தெரியுமா? ஊதவே வேணாம். இனிமே இவங்ககிட்டதான் வாங்கணும்னு நான்தான் வாப்பாகிட்டச் சொன்னேன்."

மாடில்டா கையிலிருந்த கட்டைகளை மெல்லக் கீழே வைத்தாள்.

நஜீபா கட்டைகளை அடுப்பில் செருகினாள். ஊதினாள். கட்டைகள் உஸ்ஸென்று சீறின. முனைகளில் நுரை பொங்கியது. தீ வரவில்லை, புகை வந்தது. கறுப்புப் புகை, வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும் மஞ்சள் புகை எல்லாமே வந்தன.

நஜீபா இன்னும் பலமாக ஊதினாள். இருமினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி ஊதினாள். கன்னங்களில் தண்ணீர் ஓடியது.

"என்னாச்சு இந்தக் கட்டைக்கு?" என்று கேட்டாள். கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. "என் கைதான் சரியில்லையோ?"

மாடில்டாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஊதினாள். இருவரும் மாறி மாறி ஊதினார்கள். உலை கொதிப்பதாக இல்லை. கடையில் லோரி ஓட்டுநர்கள் வந்து உட்கார்ந்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

நாகூர் மீரான் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். அவர் கோபக்காரர் அல்ல. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லாததுபோல் இருந்தது.

"சூசை, இந்த ஒரு தடவை போகட்டும். அடுத்த வாரமும் இப்படிப் புகைஞ்சா, நான் கோலசிலாங்கூர்ச் சதுப்புல வெட்டுற பாக்காவ் கட்டைக்குச் சொல்லிடுவேன். படகுல வந்து இறங்குது. விலை கூடத்தான். என்ன செய்றது? புள்ள கண்ணு போயிடும் போல இருக்கு."

*

திரும்பும் வழியில் அப்பா தலையைக் குனிந்தபடியே வண்டியை ஓட்டினார். காலி வண்டியைக் கறுப்பன் மட்டும் உற்சாகமாக இழுத்தான்.

வீட்டில் அம்மா ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள். அரிசி ஏற்றிவந்த லோரி தூரத்தில் எங்கோ மழையில் மாட்டிக்கொண்டதாம். அரிசி நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டியது.

அப்பா ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், கத்தத் தொடங்கிவிட்டார்.

"அநியாயம்! இதுல பாதி தண்ணி! தண்ணியை நிறுத்துப் போட்டுட்டு அரிசின்னு காசு வாங்குறாங்களே, இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். மாடில்டா மூலையில் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அவ ஒண்ணும் சொல்லலியே" என்றாள் அம்மா, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நான்தான் சொல்றேன். திங்கக்கிழமையிலேருந்து புல்லு வெட்டப் போயிடறேன். இந்தத் தண்ணி வியாபாரம் நமக்கு வேணாம்."

"நீ தூங்கவேணாமா நவமணி?"

"செத்தா தூங்கிக்கலாம்" என்று அம்மா சிரித்தாள். மாடில்டாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே இல்லை.

"வேணாம்மா! அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கம்மா. ஒரு வாரம்!" என்று கத்திவிட்டாள். ஏன் கத்தினாள், அடுத்த சனிக்கிழமை என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. "சரி, ஒரு வாரம்தான்" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க நஜீபாவின் சிவந்த கண்கள் மாடில்டாவை விடவில்லை. 'என் கைதான் சரியில்லையோ?' என்று அவள் கேட்டது காதிலேயே இருந்தது. சாமியாரிடம் தப்பை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்றால், அவர் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறைதான் வருவார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை இதை வயிற்றில் வைத்திருக்க முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள், குடிக்கத்தான். காலி வண்டி வாசலில் நின்றது. அதன் கம்புகளில் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. மாடில்டா அவற்றையே பார்த்தாள்.

"அப்பா, போன வாரத்துக்கு முந்தின வாரம் காஞ்ச கட்டை எதுவரைக்கும் அடுக்கினோம்?"

"கோடு வரைக்கும்."

"போன வாரம் ஈரக் கட்டை?"

"அதுவும் கோடு வரைக்கும்தான். ஏன்?"

"அப்போ கட்டை கூடவே இல்ல. எடைதான் கூடியிருக்கு. எடையே போடாம, கோடு வச்சு வித்தா என்னப்பா? தண்ணி ஊத்தினாலும் ஊத்தாட்டியும் கோடு ஏறாதுல்ல?"

அப்பா கோடரியைக் கீழே வைத்தார். தாடையைச் சொறிந்தார். பிறகு தலையாட்டினார்.

"பாய் ஒத்துக்க மாட்டாரு. இங்க பாரு" என்று நான்கு கட்டைகளை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தார். இடையில் ஒரு பூனை படுத்துத் தூங்குமளவு இடம் இருந்தது. "இப்படி அடுக்கினா பாதி விறகுல வண்டி நிறைஞ்சிடும். மீதி காத்து. தாச்சிங்ல தண்ணி ஏமாத்தும், வண்டியில காத்து ஏமாத்தும். எல்லாம் அடுக்குறவன் கையிலதான் இருக்கு."

மாடில்டா அந்தப் பூனை இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை வந்தது. இந்த முறை ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. சோமு கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, இந்த வாரம் பனி பெய்யலையா?" என்று கேட்டார். அப்பா காதில் விழாததுபோல் கறுப்பனைத் தட்டிவிட்டார்.

கடைக்குப் பின்னால் வண்டி நின்றது. நாகூர் மீரான் தாச்சிங்கை எடுக்கப் போனார்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றாள் மாடில்டா. குறுக்கே போய் நின்றாள். "போன வாரம் விறகுல தண்ணி ஊத்தியிருந்துச்சு. பதினோரு வாளி. நான்தான் ஊத்தினேன்."

அப்பா அப்படியே நின்றார். அடுப்படியிலிருந்து வெளியே வந்த நஜீபாவும் நின்றாள்.

நாகூர் மீரான் மாடில்டாவைப் பார்த்தார். சூசைமுத்துவைப் பார்த்தார். மெல்ல ஒரு பலகையில் உட்கார்ந்தார்.

"அப்போ ஒரு பிக்குள் தண்ணிக்கு ஒரு வெள்ளி கொடுத்திருக்கேன்" என்றார். "என் கடையில நான் தண்ணிய சும்மாதான்மா கொடுக்கிறேன்."

"அவளைச் சொல்லாதீங்க பாய்" என்றார் அப்பா. முகம் கறுத்துவிட்டது. "ஊத்தச் சொன்னது நான். காஞ்ச கட்டை கொண்டாந்தா நாலு வெள்ளி. பச்சைக் கட்டை கொண்டாந்தவனுக்கு ஆறு வெள்ளி. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. தப்புதான்."

அவர் மடியிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்து நீட்டினார். நாகூர் மீரான் வேண்டாம் என்று சொல்வார் என்று மாடில்டா நினைத்தாள். அவர் சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாடில்டா நஜீபாவின் பக்கம் திரும்பினாள். "உன் கை நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் காரணம்."

நஜீபா உதட்டைச் சுழித்தாள். "நாலு நாளு கண்ணு எரிஞ்சுது, தெரியுமா?"

"தெரியும்" என்றாள் மாடில்டா. அவளுக்கு அழுகை முட்டியது. அழுவதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட நினைத்தாள். "மாமா, எடை போட்டா ஈரக் கட்டைக்குத்தான் காசு கூட. அதான் எல்லாரும் ஈரமாவே கொண்டாராங்க. எடை வேணாம். இந்தக் கம்புல இருக்கிற கோடு வரைக்கும் இவ்வளவுன்னு விலை வச்சுக்கலாம். தண்ணி ஊத்தினா கோடு ஏறாது."

நாகூர் மீரான் லேசாகச் சிரித்தார். "புத்திசாலிப் புள்ளதான். ஆனா உங்கப்பா காத்த அடுக்கிக் கொண்டாந்தா? நாங்களும் விறகு பாத்தவங்கதான்."

"அப்பா அடுக்கவேணாம் மாமா. நீங்க அடுக்குங்க."

"என்னது?"

"வண்டியில இருக்கிற விறகை இறக்கிடறோம். இதே மாதிரி நாலு கம்பை இங்க நட்டு வைப்போம். நடுவுல நீங்களே அடுக்குங்க. எவ்வளவு நெருக்கமா வேணும்னாலும் அடுக்குங்க. நாங்க தொடமாட்டோம். எதுவரைக்கும் வருதோ அதுக்குக் காசு கொடுங்க."

நாகூர் மீரான் வண்டிக் கம்புகளைப் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்னால் இருந்த காலியிடத்தைக் கையால் காட்டினார்.

"நான் அடுக்குறேன் வாப்பா!" என்றாள் நஜீபா. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வண்டிக் கம்புகள் நான்கையும் உருவி, அதே இடைவெளியில் தரையில் நட்டார்கள். வண்டியில் பலகையிலிருந்து கோடு எவ்வளவு உயரமோ, அதே உயரம் தரையிலிருந்தும் வரும்படி அப்பா கயிற்றால் அளந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் நஜீபா அடுக்கினாள். அப்பப்பா, என்ன அடுக்கு அது! வளைந்த கட்டையை வளைந்த கட்டையோடு சேர்த்தாள். சந்து தெரிந்தால் மெல்லிய மரச் சிம்பை நுழைத்தாள். சிம்பு போகாத சந்தில் மரப்பட்டையைத் திணித்தாள். மேலே ஏறி நின்று மிதிக்கவும் செய்தாள். நான்கு நாள் கண் எரிச்சலை ஒரே மணி நேரத்தில் தீர்த்துக்கொண்டாள் என்றே சொல்லவேண்டும்.

"பட்டையுமா?" என்று அப்பா முனகினார்.

"அப்பா, நாம தொடக்கூடாது" என்றாள் மாடில்டா.

எல்லாக் கட்டையும் தீர்ந்தது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது.

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. மாடில்டா தூரத்தில் நின்றே கையை விரித்து அந்த ஒரு சாணை அளந்தாள். நாமே நம் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ?

"கோடு வரைக்கும் என்ன விலை வைக்கலாம்?" என்று நாகூர் மீரான் கேட்டார். கேட்டது நஜீபாவிடம். "அடுப்பு உன் பொறுப்பு. நீ சொல்லு."

நஜீபா கட்டையின்மேல் உட்கார்ந்தபடியே யோசித்தாள். "போன வாரத்து ஈரக் கட்டை புதன்கிழமையே தீந்துட்டு வாப்பா. காயுறதுக்கே பாதி எரிஞ்சுபோச்சு. அதுக்கு முந்தின காஞ்ச கட்டை வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்துச்சு. ஒரு நாள் உலைகூடத் தாமதம் ஆகல." விரல்களை மடக்கினாள். "கோடு வரைக்கும் காஞ்ச கட்டை இருந்தா அஞ்சு வெள்ளி கொடுக்கலாம். நமக்கு அப்பவும் லாபம்தான்."

"காஞ்ச கட்டைதான்னு எப்படித் தெரியும்?"

நஜீபா இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். டங்கென்று கேட்டது. "ஈரமா இருந்தா தொப்புன்னு கேக்கும். போன வாரம் பூரா கேட்டேனே!"

நாகூர் மீரான் தலையசைத்தார். "சரி. கோடு வரைக்கும் அஞ்சு வெள்ளி. இன்னிக்கு ஒரு சாண் குறையுது. நாலரை வச்சுக்கோ சூசை."

அப்பா காசை வாங்கிக்கொண்டு, அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தார். பிறகு கறுப்பனைப் பார்த்தார். கறுப்பன் நிழலில் நின்று நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தான். வரும் வழியில் இன்று அவன் ஒருமுறைகூட நிற்கவில்லை. அது அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது.

"காஞ்ச கட்டை கனமே இல்ல லா" என்றார் மெல்ல. "கோட்டுக்கு மேல ஒரு சாண் ஏத்தினாலும் இவன் இழுத்துடுவான்! அடுத்த வாரம் அந்த ஒரு சாணையும் சேத்துக் கொண்டாரேன் பாய். உங்க மக எவ்வளவு மிதிச்சாலும் கோடு வரைக்கும் நிக்கும்."

"இன்னும் நல்லா மிதிப்பேன்" என்றாள் நஜீபா.

மாடில்டா சிரித்துவிட்டாள். நஜீபாவும் சிரித்தாள். அவள் கண்கள் அன்று வெள்ளையாக இருந்தன.

*

அடுத்த சனிக்கிழமை விறகு கோட்டைத் தொட்டது. அதற்கடுத்த சனிக்கிழமையும் தொட்டது. மண்டோரிடம் அப்பா போய், "நவமணி வராது. வேற ஆளைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பின் வந்த வெள்ளிக்கிழமை மதியம் அம்மா பால் வெட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தாள். மூலையில் கவிழ்ந்து கிடந்த வாளி அவள் கண்ணில் பட்டது.

"நாளைக்கு விறகு போகணுமே. தண்ணி ஊத்தலியா?" என்று கேலியாகக் கேட்டாள்.

"பாய் கடையில தண்ணிய சும்மாவே கொடுக்கிறாங்களாம்மா" என்றாள் மாடில்டா.

அம்மா சிரித்தாள். இந்தச் சிரிப்பு மாடில்டாவுக்குப் பிடித்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். தலைத்துணியை அவிழ்க்கவில்லை.

மாடில்டா வாளியை வாசலுக்கு எடுத்துவந்து, கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அப்பா கோடரியோடு வந்தார். கட்டையை நிறுத்தி, கோடரியை ஓங்கினார். மாடில்டா உதட்டில் விரலை வைத்து வீட்டுக்குள் காட்டினாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். கோடரியைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்தார். விறகு அடுக்கில் முதுகை வைத்து அவரும் கால் நீட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் தொங்கிவிட்டது.

அன்று லயத்தில் விறகு பிளக்கும் சத்தம் நான்கு மணிக்கு மேல்தான் கேட்டது.